வில்லுக்கத்தி வாங்குமுன்: எந்த இடத்தில் எந்த விதி

வன்னியில் வெட்டுக்கருவிக்குப் பஞ்சமில்லை. விறகுக்குக் கோடரி, பற்றைக்குக் காட்டுக்கத்தி, முருங்கைக்காய்க்குக் கொக்கச்சத்தகம், பாய் இழைக்கிறவரிடம் ஒரு சிறு சத்தகம் என்று வேலைக்கொன்று தாழ்வாரத்தில் செருகியிருக்கும். சட்டைப் பையோடு கூடவே வருவது வில்லுக்கத்தி, அதாவது மடக்குக் கத்தி. இரணைமடுக் கட்டில் தூண்டில் போடுகிறவருக்குத் தங்கூசி (தூண்டில் நூல்) அறுக்க வேண்டும். தோட்டக்காரருக்கு உரப்பையின் வாயைப் பிரிக்க வேண்டும், சொட்டுநீர்க் குழாயைத் துண்டாக்க வேண்டும். ஆவணித் திருவிழாவுக்கு மடுவில் மரத்தடியில் கூடாரம் அடித்திருக்கும் குடும்பத்துக்கோ கயிறு வெட்டவும் வெங்காயம் உரிக்கவும் ஒரே கத்திதான்.

கடைக்காரர் உருக்கைப் பற்றிச் சொல்லுவார், விலையைச் சொல்லுவார். அந்தக் கத்தியோடு எங்கே போகலாம், எங்கே போனால் மாட்டிக்கொள்வீர்கள் என்பது அவருடைய கவலை அல்ல. ஆனால் எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. அதனால் விதிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

பூட்டு உள்ளது, பூட்டு இல்லாதது

முதலில் கத்தியின் அமைப்பு. பழைய வில்லுக்கத்தியில் பிடியின் முதுகுப் பக்கம் ஒரு உருக்குத் தகடு வில்லாக நின்று அலகை அழுத்திப் பிடிக்கும். பெயர் வந்ததும் அதனால்தான். அலகின் முதுகில் அழுத்தினால் அது மடங்கிவிடும், விரல் நடுவில் இருந்தால் விரலும் வெட்டுப்படும். இதைத் தடுக்கப் பூட்டு வந்தது. சிலவற்றில் பிடியின் கழுத்தில் ஒரு வளையத்தைத் திருப்பிப் பூட்டலாம். சிலவற்றில் பிடிக்குள் இருக்கும் தகடு தானாக வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். மூன்றாவது வகை, பொத்தானை அமுக்கினால் அலகு பாய்ந்து வெளியே வருவது. சந்தையில் இளைஞர்களின் கண் போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். வேலைக்கு உதவாததும் அதுதான்.

வெளிநாட்டுச் சட்டங்கள் பல இந்த மூன்று வகையையும் வெவ்வேறாகவே நடத்துகின்றன. மல்லாவியில் இருக்கிறவருக்கு லண்டன் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். நம்மிடம் இருக்கும் நல்ல மடக்குக் கத்திகளில் பல லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வந்த மாமாக்களின் பெட்டியில் வந்தவை. பிள்ளைகளைப் பார்க்க நாம் போகும்போது அதே கத்தி அதே பெட்டியில் திரும்பிப் போகிறது. சாவிக்கொத்தில் கோத்தது கோத்தபடியே இருக்கும், நமக்கு நினைவே இருக்காது.

ஐக்கிய இராச்சியத்தில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு, தக்க காரணம் இல்லாமல் கூரான கருவியைப் பொது இடத்தில் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. மடக்கும் சட்டைப்பைக் கத்திக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேற்படக்கூடாது. பூட்டு உள்ள கத்தி எவ்வளவு சிறிதானாலும் இந்த விலக்குக்குள் வராது என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் எப்போதோ தீர்த்துவைத்த விடயம். மீறினால் கூடியது 4 ஆண்டு சிறை. தக்க காரணம் என்பது வேலைக்குப் போகும் வழி, மீன்பிடிக்கப் போகும் வழி போன்றவை. பைக்குள் இருப்பது மறந்துபோய்விட்டது என்பது காரணம் ஆகாது.

ஒரு எடுத்துக்காட்டு. சுவிஸ் நாட்டு விக்டோறினொக்ஸின் 91 மில்லிமீற்றர் நீளப் பிடி கொண்ட சிவப்புக் கத்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் பெரிய அலகு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர், பூட்டு இல்லை. லண்டனில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். மரப்பிடியும் சுழல் வளையமும் கொண்ட பிரெஞ்சு ஒப்பினெல்லின் 8ஆம் இலக்கக் கத்தி அதைவிட எளிமையானது, விலையும் குறைவு, பழம் நறுக்க அதற்கு நிகர் இல்லை. ஆனால் அலகு 8.5 சென்ரிமீற்றர், பூட்டும் உண்டு. அதே தெருவில் அது இரண்டு வகையில் விதியை மீறுகிறது.

கனடாவில் அளவைவிடத் திறக்கும் விதமே முக்கியம். பொத்தானாலோ, புவியீர்ப்பாலோ, கையை உதறும் வேகத்தாலோ தானாகத் திறக்கும் கத்தி அங்கே தடைசெய்யப்பட்ட ஆயுதம். வைத்திருப்பதே குற்றம், வீட்டுக்குள் என்றாலும். ஜேர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டக்கூடிய மடக்குக் கத்தியைத் தக்க தேவையின்றி வெளியில் கொண்டுதிரிய முடியாது. பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு இது: இந்தியாவின் ஆயுத விதிகள் 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகுகளைப் பற்றியவை, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உரியவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. வில்லுக்கத்தி அந்த அளவுக்குக் கிட்டவும் வராது.

விமானத்துக்குள் மட்டும் இந்த அளவுகள் ஒன்றையும் நம்பவேண்டாம். சில நாடுகள் 6 சென்ரிமீற்றர் வரை விடும் என்று ஒருவர் சொல்லுவார், அது உண்மையும்கூட. ஆனால் மூன்று விமான நிலையம் மாறிப் போகிறவரின் கையில் இருப்பதை மூன்று இடத்திலும் வேறுவேறு அலுவலர்கள் பார்ப்பார்கள். கத்தி கைப்பையில் வேண்டாம். அலகை மடித்து, துணியில் சுற்றி, ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். சாவிக்கொத்தையும் அப்போதே பாருங்கள்.

நம் நாட்டில்

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் 314ஆம் பிரிவு வேண்டுமென்றே காயம் ஏற்படுத்துவதைப் பற்றியது, 315 அதையே அபாயகரமான கருவியால் செய்வதைப் பற்றியது. பாரதூரமான காயத்துக்கு 316, கருவியால் என்றால் 317. இரண்டு சோடியிலும் பின்னதற்குத் தண்டனை கூட. சுடும், குத்தும், வெட்டும் கருவி என்று அந்தப் பிரிவுகள் சொல்கின்றனவே தவிர எத்தனை அங்குலம் என்று சொல்லவில்லை. வேலிச் சண்டையில் இரண்டு அங்குல அலகு வெளியே வந்தாலும் வழக்கின் பிரிவு மாறிவிடும். வாய்த்தர்க்கம் தொடங்கும் இடத்தில் கத்தி பைக்குள்ளேயே இருக்கட்டும். அதைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

தற்பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். தற்காப்பு உரிமையை அதே சட்டக்கோவை 89ஆம் பிரிவிலிருந்து ஏற்கிறது, ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்ய அது இடம் கொடுப்பதில்லை. பொலிஸார் கேட்கும் கேள்விக்கு "என்னைக் காப்பாற்றிக்கொள்ள" என்று பதில் சொல்கிறவர், கத்தியை ஆயுதம் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். தூண்டிலும் தங்கூசியும் பக்கத்தில் இருக்க, மீன்பிடிக்க என்று சொல்கிறவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: வன்னிக் காட்டோரத்தில் உண்மையாகப் பயப்பட வேண்டியது யானைக்கு. எந்த மடக்குக் கத்தியும் அங்கே உதவப்போவதில்லை.

பல கருவிகள் ஒன்றாக மடங்கும் குறடு வகை வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, நியாயமான காரணமின்றி வீடுடைக்கும் கருவி வைத்திருப்பவரைப் பொலிஸார் பிடியாணை இல்லாமல் கைதுசெய்யலாம், காரணத்தைக் காட்டும் பொறுப்பும் அவருடையதே. பகலில் மோட்டார் சைக்கிளின் கருவிப் பெட்டிக்குள் இருக்கும் குறடு வெறும் குறடு. இரவு ஒரு மணிக்குப் பிறர் வளவில் அதுவே வேறு பெயர் பெறும்.

விசாரணை என்று வந்தால் உங்களுக்கு உள்ள உரிமைகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் சிக்கல் பாதி மொழியில்தான். அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை, கைதுசெய்யப்படுகிறவருக்குக் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது. 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தோடு, 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ். உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்பது சலுகை கேட்பதல்ல. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளை, உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும் முன் கையொப்பமிட வேண்டாம். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

காடு பற்றிச் சுருக்கமாக. இரண்டு சட்டங்கள், இரண்டு திணைக்களங்கள்: 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் வனவளத் திணைக்களத்தின் கையில், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில். வில்பத்து, மடு வீதி, சுண்டிக்குளம் ஆகியவை தேசிய பூங்காக்கள், அனுமதிச் சீட்டின்றி உள்ளே போகமுடியாது. ஒதுக்குக் காட்டில் கத்தி இருக்கிறதா என்பதைவிட அந்தக் கத்தி எதை வெட்டியது என்பதே கேள்வியாகும். கூடாரத்துக்கு ஒரு தடி, ஒரு கொடி, ஒரு தேன்வதை, எல்லாமே வன விளைபொருள்தான். பாலைப்பழக் காலத்தில் கிளையோடு முறிக்கும் பழக்கம் உள்ளவர்கள் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மடு, வற்றாப்பளை போன்ற பெருந்திருவிழாக்களில் கூடாரத்தில் சமைக்கும் கத்தி ஒரு விடயம், அதை இடுப்பில் செருகிக்கொண்டு சனத்துக்குள் நுழைவது வேறு விடயம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு தேவாலய வாசல்களில் பை திறந்து பார்ப்பது நமக்குப் பழகிப்போனது. சமையல் சாமானோடு கத்தியைக் கூடாரத்திலேயே விட்டுச் செல்லுங்கள். நீதிமன்றம், சிறைச்சாலை, பரீட்சை மண்டபம் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வேறெந்த ஊர்க்காரருக்கும் எழுதத் தேவையில்லாத ஒன்று: மண்ணில் பாதி புதைந்த உலோகம் எதையும் கத்தி நுனியால் கிளறிப் பார்க்க வேண்டாம். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்தது, அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடக்கிறது, இருந்தும் வாய்க்கால் ஓரத்தில் மழைக்குப் பிறகு ஏதாவது தலைகாட்டத்தான் செய்கிறது. தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி 119க்கு அறிவியுங்கள். பாம்புக்கடிக்கும் கத்தி வேண்டாம். கடிவாயைக் கீறுவது இரத்தப்போக்கையும் புண்ணையும் கூட்டும், விஷத்தை இறக்காது. அதற்கு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ்.

அப்படியானால் எதை வாங்குவது

என் தெரிவு பூட்டு இல்லாத, 7 சென்ரிமீற்றருக்குக் குறைந்த அலகு. ஊரிலும் வெளியூரிலும் ஆகக் குறைந்த கேள்வி அதற்குத்தான். பூட்டு இல்லாதது விரலுக்கு ஆபத்தல்லவா என்பார்கள். குத்தித் துளைக்கும் வேலைக்கு ஆபத்துத்தான். இழுத்து வெட்டும் வேலைக்கு அலகு விரிந்தே நிற்கும். துளைக்கத் துளையூசி உள்ள கத்தியாக வாங்குங்கள். முற்றிய தடி வெட்டும் வேலை என்றால் அது காட்டுக்கத்தியின் வேலை, மடக்குக் கத்தியைப் பெரிதாக்கி அந்த இடத்தை நிரப்ப முடியாது. தோட்டத்திலும் வளவிலும் மட்டுமே பயன்படுத்துகிறவர், வெளிநாடு போகும் எண்ணமே இல்லாதவர், பூட்டு உள்ளதைத் தாராளமாக எடுக்கலாம்.

பொத்தான் கத்தியை வாங்கவேண்டாம். மணல் புகுந்தால் இரண்டாம் மாதமே அதன் சுருள்வில் சிக்கிக்கொள்ளும், முல்லைத்தீவுக் கரையில் மணலுக்குக் குறைவில்லை.

உருக்கில் இரண்டு பக்கம். கறள் பிடிக்கும் கரி உருக்கு தீட்டுக்கல்லில் நாலு இழுப்பில் கூராகும். ஆனால் நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவரின் பையில் ஒரு இரவு ஈரமாகக் கிடந்தால் காலையில் பழுப்பாக இருக்கும். கடலோரத்துக்கும் உப்புநீருக்கும் கறள் பிடிக்காத உருக்கே நல்லது, தீட்ட நேரம் கொஞ்சம் கூட எடுக்கும். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ வயலோடு நிற்கிறவருக்குக் கரி உருக்கு போதும்.

கடையில் நின்றபடியே மூன்று தரம் திறந்து மூடிப் பாருங்கள். அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. மடித்த நிலையில் நுனி பிடிக்கு வெளியே தெரியக்கூடாது. வீட்டில் கீலுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்டால் சில மாதத்தில் தூசியோடு சேர்ந்து பிசினாகி, நகம் உடைய இழுத்தாலும் அலகு வராது.