எக்கோவில் தூறல் விழுந்தால்

"எக்கோவுல தூறல் விழுது தம்பி, வந்து பாரு." கடலூர் பக்கத்துத் தாழங்குடாவிலிருந்து ஒரு மீனவப் பெரியவர் போன் செய்தார். எக்கோ என்றால் தண்ணீருக்குள் ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் மெஷின். அந்தத் திரையில் மழை மாதிரி விழும் வேண்டாத புள்ளிகளைத்தான் தூறல் என்கிறோம். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். 4 மீட்டர் தண்ணீர், மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாகப் புள்ளிகள். அதை மடவைக் கூட்டம் என்று நம்பி இரண்டு முறை வலை விட்டிருக்கிறார். வந்தது நண்டும் குப்பையும். மறுநாள் காலை படகில் ஏறிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து இழுத்து ஒரு மலிவான செல்போன் சார்ஜர் போட்டிருந்தார். எக்கோவின் கெயின், அதாவது திரும்பி வரும் ஒலியைப் பெருக்கிக் காட்டும் அளவு, உச்சத்தில் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் திரை கழுவிவிட்டதுபோல ஆகிவிட்டது.

நான் கடலூர் முதுநகரில் படகுகளுக்கு எக்கோ, ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ பொருத்திப் பழுது பார்க்கிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு வேலை குவியும். மற்ற நாட்களில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஃபைபர் போட்காரர்களின் தூறல் புகார்தான். அவர்கள் கரையோரத்திலும் முகத்துவாரத்திலும் இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) தண்ணீரில் தொழில் செய்கிறவர்கள். மெஷின் கெட்டுவிட்டது, புதுசு வாங்கலாமா என்றுதான் கேட்பார்கள். நான் பார்த்தவரை தூறலைக் கிளப்புவது பெரும்பாலும் நம்ம படகேதான்.

ஆழம் குறைந்த தண்ணீர் எக்கோவுக்கு ஏன் சிரமம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழம் போய்த் திரும்ப 40 மில்லி விநாடி ஆகும். 3 மீட்டருக்கு வெறும் 4 மில்லி விநாடி. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் டிரான்ஸ்டியூசர் கோயில் மணி மாதிரி, அடித்து முடித்த பிறகும் கொஞ்சம் அதிரும். அந்த அதிர்வு 1 மில்லி விநாடி நீடித்தால் மேலே 75 சென்டிமீட்டர் தண்ணீர் எக்கோவுக்குத் தெரியாது. 30 மீட்டரில் இது ஒரு பொருட்டே இல்லை. 3 மீட்டரில் கால் பங்கு போச்சு. அதோடு தரையில் பட்ட ஒலி பலமாகத் திரும்பி, மேற்பரப்பில் மோதி, மறுபடி தரைக்குப் போய் வரும். அலை உடையும் இடத்தில் காற்றுக் குமிழ் வேறு. போதாக்குறைக்கு, வெதுவெதுப்பான கரையோரத் தண்ணீரில் கொடுக்கைச் சொடுக்கும் ஒரு குட்டி இறால் வகை இருக்கிறது. அது போடும் சத்தம் 200 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும். எக்கோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதும் அங்கேதான்.

இந்த நேரத்தில் மீன் தெரியவில்லையே என்று கெயினை ஏற்றுவார்கள். காது வலிக்கிறவனுக்கு ஸ்பீக்கர் வைத்த கதை. ஆட்டோவை விட்டு மேனுவலுக்கு வந்து, மேற்பரப்புக்கும் தரைக்கோட்டுக்கும் நடுவே மங்கலாகப் புள்ளிகள் தெரியும்வரை கெயினை ஏற்றுங்கள். அப்புறம் அவை மறையும்வரை இறக்குங்கள். அங்கேயே நிறுத்துங்கள். பிங் வேகத்தையும், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலி அனுப்புகிறது என்பதையும், குறைத்துப் பாருங்கள். முந்தைய ஒலியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த ஒலியை அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும்.

இதற்கும் அடங்காத தூறலுக்குச் சோதனை செய்ய வேண்டும். அரை மணி நேரம் போதும். மற்ற படகுகள் இல்லாத இடத்தில் நங்கூரம் போட்டு இன்ஜினை அணையுங்கள். லைட், விஎச்எஃப், சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாவற்றின் ஃபியூஸையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, கழற்றவே வேண்டும். எக்கோவை மட்டும் தனி 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். திரை சுத்தமாகிவிட்டால் இனி ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் தூறல் வருகிறதோ அதுதான் ஆள். கடைசியாக இன்ஜின். நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போதே தூறலும் கூடினால் டைனமோவைப் பாருங்கள், பெட்ரோல் அவுட்போர்டாக இருந்தால் இக்னிஷனையும் சேர்த்து. படகு நகர்ந்தால் மட்டும் வருகிறதென்றால் மின்சாரத்தைக் குறை சொல்லாதீர்கள், அது குமிழ்.

தனி பேட்டரியிலும் போகவில்லையா? எக்கோ ஒலி அனுப்புவதை மட்டும் நிறுத்தும் வசதி பல மெஷின்களின் மெனுவில் உண்டு. அதை நிறுத்துங்கள். தூறல் நின்றுவிட்டால் அது நம்ம ஒலியே சுற்றி வருவது. கெயினிலும் பிங் வேகத்திலும் சரி செய்யலாம். நிறுத்திய பிறகும் விழுந்தால் அது வேறெங்கிருந்தோ வருகிறது. மெஷினை அணைத்து, டிரான்ஸ்டியூசர் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். தூறல் அப்படியே இருந்தால் கரன்ட் ஒயர் வழியாக நுழைகிறது. மறைந்தால் டிரான்ஸ்டியூசர் ஒயர் வழியாகவோ தண்ணீர் வழியாகவோ வந்திருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லாஞ்சுக்கு டிரான்ஸ்டியூசர் போய்விட்டது என்று சொல்லிப் புதுசு போட வைத்தேன். பத்து நாளில் படகுக்காரர் திரும்பி வந்தார். புதுசிலும் அதே தூறல். டெக்கில் அவர் புதிதாக மாட்டியிருந்த எல்இடி விளக்கின் டிரைவர், அதாவது விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்தான் காரணம். விளக்கு ஒயரும் டிரான்ஸ்டியூசர் ஒயரும் ஒரே குழாய்க்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு போயின. அவர் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தப் படகைத் துறைமுகத்தில் பார்த்தால் நான் கொஞ்சம் வேகமாக நடந்துவிடுவேன்.

அதற்கப்புறம் பையில் ஒரு பழைய மீடியம் வேவ் ரேடியோ வைத்திருக்கிறேன். நிலையம் எதுவும் எடுக்காத இடத்தில் முள்ளை வைத்து ஒயர்களின் அருகே கொண்டுபோனால், கோளாறு செய்கிற பொருள் பக்கத்தில் இரைச்சல் எகிறும். ஐந்து நிமிட வேலை.

ஒயர் விஷயத்தில் என் பிடிவாதம் சில. எக்கோவுக்குக் கரன்ட் நேராக பேட்டரியிலிருந்து, தனி ஃபியூஸோடு வரவேண்டும். டிரான்ஸ்டியூசர் ஒயர் மற்ற ஒயர்களிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கிட்டே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். நீளம் அதிகமென்று வெட்டி ஒட்டாதீர்கள். மீதியைச் சுருட்டிக் கரன்ட் ஒயரோடு கட்டவும் வேண்டாம். பச்சை பிடித்த டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதித் தூறல் போன படகுகள் உண்டு.

குமிழ்த் தொந்தரவுக்கு இடம்தான் மருந்து. புரொப்பல்லர் கலக்கும் தண்ணீரில் டிரான்ஸ்டியூசர் இருக்கக்கூடாது. நீண்ட தண்டின் நுனியில் புரொப்பல்லர் சுற்றும் லாங் டெயில் போட்டில் பக்கவாட்டில் ஒரு கம்பியில் கட்டி, அடிப்பலகைக்கு ஒரு சாண் கீழே இறங்குமாறு விடுவது எனக்குப் பிடித்த வழி. உள்ளேயே ஒட்ட வேண்டுமென்றால் கெட்டி ஃபைபர் உள்ள இடத்தில் மட்டும், பசையில் ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் ஒட்டவேண்டும். நடுவில் ஃபோமோ மரமோ இருந்தால் ஒலி அங்கேயே செத்துவிடும். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் கொட்டலசு (படகடியில் ஓடோடு ஒட்டிக்கொள்ளும் சிறு உயிர்) ஒட்டினால் கத்தியால் சுரண்டாதீர்கள், சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மரக்குச்சியால் தள்ளுங்கள்.

இனி பக்கத்துப் படகால் வரும் தூறல். விடியற்காலையில் புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து படகுகள் வரிசையாக வெளியேறும்போது பாதிப் பேர் 200 கிலோஹெர்ட்ஸில் இருப்பார்கள். அவர்கள் அனுப்பிய ஒலி நம்ம திரையில் சாய்வுக்கோடாக ஓடும். இடையூறு நீக்கும் ஃபில்டர் இதற்கென்றே இருக்கிறது. அடுத்தடுத்த பிங்குகளை ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் இருப்பதை அழித்துவிடும். ஆனால் அதை உச்சத்தில் வைத்தால் சின்ன மீனையும் சேர்த்து அழிக்கும். ஒரு படி போதும், படகுகள் பிரிந்ததும் அணைத்துவிடலாம்.

வீராம்பட்டினத்தில் ஒரு இளைஞர் வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலம், மீன் நகர்வதை அப்போதைக்கப்போதே காட்டும் லைவ் சோனார் வாங்கி வந்தார். அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை. அங்கே கிராப்பி மூழ்கிய மரங்களைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும், வசந்த காலத்தில் முட்டையிட ஆழம் குறைந்த ஓரத்துக்கு வரும். மின்மோட்டாரில் சத்தமில்லாமல் நெருங்கி, லைவ் சோனாரில் பார்த்துத் தூண்டில் இறக்குவார்கள். அவர்களுக்கும் இதே தலைவலிதான். மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. பாதி வேகத்தில் தூறல் விழுந்து, முழு வேகத்தில் மறைந்தால் அதுதான் அடையாளம். தனி பேட்டரி, ஒயர்களைப் பிரித்துக் கட்டுவது, ஒயரில் மாட்டி இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் என்று அவர்களின் வைத்தியமும் நம்முடையதேதான். ஒரே படகில் இரண்டு சோனார் ஓடினால் ஒன்றை அணைப்பார்கள், இல்லையென்றால் அலைவரிசையைத் தள்ளி வைப்பார்கள். நம்ம வீராம்பட்டினத்துத் தம்பி பழைய எக்கோவையும் கூடவே ஓட்டிக்கொண்டிருந்தார். அதை அணைக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது.

தூறலாவது கண்ணுக்குத் தெரியும். எனக்குப் பயம் வேறொன்றில். மிகக் குறைந்த தண்ணீரில் கெட்டி மணல் தரை இருந்தால், எக்கோ இரண்டாவது எதிரொலியைத் தரை என்று பிடித்துக்கொள்ளும். 80 சென்டிமீட்டர் தண்ணீரை 1.6 மீட்டர் என்று காட்டும். கடலூர் முகத்துவாரத்தில் மணல் மேடு இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது. அங்கே நுழையும்போது எண் திடீரென்று இரட்டிப்பானால் அதை நம்பாதீர்கள், வேகத்தைக் குறைத்துக் கம்பை விட்டுப் பாருங்கள். எண் காட்டுவது டிரான்ஸ்டியூசருக்குக் கீழே உள்ள ஆழம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, தெரியும் இடத்தின் அளவு. 20 டிகிரி கூம்பு 3 மீட்டர் ஆழத்தில் தரையில் 1 மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும். பக்கத்திலேயே கூட்டம் நின்றாலும் திரையில் வராது. காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் கூம்புக்குள்ளேயே இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும்.

தாழங்குடா பெரியவர் இப்போதெல்லாம் போனை வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிட்டு வருகிறார். போன வாரம் ஏலத்தில் பார்த்தபோது, "எப்படி இருக்குண்ணே எக்கோ?" என்று கேட்டேன்.

"திரை பளிச்சுன்னு இருக்கு தம்பி. அதுல மீனுந்தான் இல்ல" என்றார்.