கை பழகிய வேலையில் மனம் நழுவும்போது

“மறதி அதிகமாகிவிட்டது” என்று சொல்லி வரும் நடுவயதினர் பலரைச் சோதித்தால், நினைவாற்றலில் பெரிய குறை எதுவும் தென்படுவதில்லை. பில்லில் 5,400 இருக்க 4,500 என்று ஏற்றிவிடும் கணக்காளரும், வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பும் ஆசிரியையும் செய்ததை மறந்தவர்கள் அல்லர்; செய்த நேரத்தில் மனம் வேறிடத்தில் இருந்ததால், அந்தச் செயல் முதலிலேயே சரியாகப் பதியவில்லை.

இதைக் கண்ணெதிரே காட்ட ஓர் எளிய சோதனை உண்டு. இயன் ராபர்ட்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட அந்தச் சோதனையில், 1 முதல் 9 வரையிலான எண்கள் வரிசை மாறி, வினாடிக்கு ஒன்றாகச் சற்றேறக்குறையத் திரையில் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் பட்டனை அழுத்த வேண்டும், 3 வந்தால் மட்டும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். மொத்தம் 225 எண்கள். அவற்றில் 25 முறை 3 வரும். “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு உட்காருபவர்களும் சிறிது நேரத்திலேயே 3க்கு அழுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். தவறுக்கு முந்தைய சில அழுத்தல்களைப் பார்த்தால், விரல் தயங்கியிருக்காது, வழக்கத்தைவிட வேகமாக ஓடியிருக்கும். வேலை தங்குதடையின்றி நடப்பதாகத் தோன்றும் இந்த வேகத்தில்தான் பிசகு ஒளிந்திருக்கிறது என்பதால், மனம் அலைவது அலைபவருக்கே தெரிவதில்லை.

இது சிலருக்கு மட்டும் உள்ள குறையும் அன்று. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கைப்பேசிச் செயலி மூலம் 2,250 பேரை அவ்வப்போது விசாரித்தபோது, ஏறத்தாழ 47 சதவீதத் தருணங்களில் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிரான்சின் போர்தோ நகர மருத்துவமனையில், சாலை விபத்தில் காயமுற்று வந்த 955 ஓட்டுநர்களிடம் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துக்குத் தாமே காரணமாக இருந்தவர்களில் 17 சதவீதத்தினர் தீவிரமான சிந்தனையில் மூழ்கியிருந்தனர். காரணமாக இல்லாதவர்களில் அது 9 சதவீதம். விபத்துக்குப் பிறகு நினைவுகூர்ந்து சொன்னவை என்பதால் இவ்வெண்களைச் சற்று எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், அவை காட்டும் திசையில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே, தவறு செய்த ஊழியரை அழைத்து “கவனமாக இருங்கள்” என்று கண்டிக்கும் மேலதிகாரிகளிடம், அதனால் பயன் மிகக் குறைவு என்றே சொல்லிவருகிறேன். கடிந்துகொள்ளப்பட்டவரின் மனம் அந்த ஏச்சையே அசைபோட்டு மேலும் அலையும். நம் ரயில்களில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னலைப் பார்த்து ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இதைவிட அறிவார்ந்தது. எந்த இடத்தில் பிசகினால் சேதம் பெரிதோ, அந்த இடத்தில் மட்டும் கையை நிறுத்தி வாயைத் திறக்கவைக்கிறது அது. இன்சுலின் அளவை வாய்விட்டுப் படித்து இன்னொரு செவிலியரிடம் சரிபார்ப்பதும், தொகையைச் சேமிக்கும் முன் விரல் வைத்துப் படிப்பதும் அதே வகை. எல்லா வேலைக்கும் இதை விதித்தால், சில வாரங்களில் அந்த உச்சரிப்பும் பழகிப்போய்ப் பொருளிழந்துவிடும்.

தூக்கக் குறைவு, தீராத கவலை, மனச்சோர்வு ஆகியவை இந்த அலைச்சலைக் கூட்டுகின்றன. திடீரென்று, முன்பு இல்லாத அளவுக்குப் பிசகுகள் பெருகினால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. முதல் கேள்வி பெரும்பாலும் உறக்கத்தைப் பற்றியதாகவே இருக்கும்.