இரண்டு கோடு விழுவது எப்படி?

எதிர்பாராமல் கர்ப்பமாகும் நாயகியை வைத்து எடுக்கும் காதல் நகைச்சுவைப் படங்களில் ஒரு காட்சி தப்பாமல் வரும். பார்மசியில் கூடை நிறைய டெஸ்ட் கிட் அள்ளி வந்து, குளியலறையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பாள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஹாலில் அப்படி ஒரு படம் ஓடியபோது, ஒரு காலத்தில் பால்மரம் வெட்டிய அத்தை கேட்டார்: "ஏம்மா, ஒன்னு பத்தாதா? எங்க தோட்டத்துல பாட்டி நாடி பிடிச்சே சொல்லிடும்." நாடியை விடுங்கள், கர்ப்பத்தில் துடிப்பு கூடும்தான், காய்ச்சலிலும் கூடும். ஆனால் அத்தையின் முதல் கேள்வி நல்ல கேள்வி.

கிட் தேடுவது எச்சிஜி என்ற ஒரே ஒரு ஹார்மோனைத்தான். கரு உருவான அன்றே அது வந்துவிடாது. கரு மெல்ல நகர்ந்து வந்து கருப்பைச் சுவரில் ஒட்ட வேண்டும்; முட்டை வெளிப்பட்டதிலிருந்து பெரும்பாலும் 8 முதல் 10 நாள் ஆகும். அப்புறம்தான் நஞ்சுக்கொடியாக மாறப்போகும் செல்கள் எச்சிஜியைச் சுரக்கும். அது ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கும். காதலனைச் சந்தித்த மூன்றாம் நாளே நாயகி கோடு பார்ப்பதெல்லாம் இயக்குநரின் அவசரம்.

கோவிட் சமயத்தில் வீட்டில் ஆர்டிகே சோதனைக் கிட் போட்டவர்களுக்கு, கிட்டுக்குள் இருக்கும் இந்தப் பட்டை பழக்கம். இரண்டும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சிறுநீர் பட்டையில் ஏறும். வழியில் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் காய்ந்து கிடக்கும். அந்த அளவில் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். (சில கிட்களில் தங்கத்துக்குப் பதில் நிற லேட்டக்ஸ் மணிகள். அது பாலிஸ்டைரீன், நம் பால்மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) ஒவ்வொரு துகளிலும் எச்சிஜியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டியிருக்கும். ஈரம் பட்டதும் துகள்கள் கிளம்பி, எச்சிஜி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்.

'டி' என்ற இடத்தில் இன்னொரு ஆன்டிபாடி அசையாமல் காத்திருக்கிறது. அது எச்சிஜியின் மறுபக்கத்தைப் பிடிக்கும். தங்கம் ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம், நடுவில் ஹார்மோன். அப்படிச் சிக்கிய துகள்கள் குவிந்துதான் சிவப்புக் கோடு. எச்சிஜி இல்லையென்றால் துகள்கள் நிற்காமல் தாண்டிவிடும். 'சி' கோடு வேறு கதை: அங்கே இருப்பது துகளில் ஒட்டிய ஆன்டிபாடியையே பிடிப்பது. அது விழாவிட்டால் கிட் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

சரி, அத்தையின் கேள்வி. பல கிட்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவில் எச்சிஜியைக் கண்டுபிடிக்கும். ஆரம்ப வாரங்களில் அது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இன்று 10 இருந்தால் எத்தனை கிட் வாங்கினாலும் ஒரே கோடுதான். இரண்டு நாளில் 20, நான்கு நாளில் 40. அப்போது ஒரே கிட் போதும். நாயகி காசை மிச்சம் பிடித்து, மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு, காலையில் முதல் சிறுநீரில் பார்த்திருக்கலாம். படம்தான் பாதியில் நின்றிருக்கும்.

1930களில் இதே வேலைக்கு ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசி வழியாகச் சிறுநீரை ஏற்றி, அது முட்டை இடுகிறதா என்று பார்த்தார்கள். வீட்டிலேயே பார்க்கும் கிட்டை மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளர் 1967இல் வரைந்தார். அமெரிக்காவில் அது விற்பனைக்கு வர 1977 ஆனது.

கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கோடு சொல்லாது. கருக்குழாயில் ஒட்டினாலும் இரண்டு கோடு விழும், அது உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் கடும் வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி இல்லாவிட்டாலும் அரசாங்க கிளினிக்கில் பதிந்து ஸ்கேன் எடுக்க வேண்டும்.

விளையாட்டுக்காகக் கிட் போட்டுப் பார்க்கும் ஆணுக்கு இரண்டு கோடு விழுந்தால், அது நகைச்சுவை இல்லை. சில விதைப்பைப் புற்றுநோய்கள் எச்சிஜி சுரக்கும். அவரும் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான்.