தீ அணைந்த பிறகுதான் கவனம் வேண்டும்

தீ அணைந்ததும் தீயணைப்பு வீரர் முதலில் கழற்றுவது முகமூடியைத்தான். அடுத்து ஹெல்மெட். பிறகு யாராவது ஒரு டம்ளர் டீயை நீட்டுவார்கள். கரி படிந்த கையாலேயே வாங்கிக் குடிப்பார். பார்க்கிற நமக்கும் ‘அப்பாடா, முடிந்தது’ என்றுதான் தோன்றும். அவருடைய பாதுகாப்பில் பெரிய ஓட்டை விழுவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

சுடர் அடங்கிய இடத்தில் புகை மெலிதாகத் தெரியும். ஆனால் தணலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடிக்கும்போது கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, மெத்தையும் சோபாவும் எரிந்திருந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்று எல்லாம் வந்துகொண்டே இருக்கும். கண் எரியவில்லை, இருமல் வரவில்லை என்பதற்காகக் காற்று நல்ல காற்று ஆகிவிடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிளறும் வேலை முடியும்வரை பி.ஏ. செட்டை, அதாவது முதுகுச் சிலிண்டரும் முகமூடியும் கொண்ட சுவாசக் கருவியை, கழற்றாமல் இருப்பதுதான் முதல் விதி. அதிகம் மீறப்படுவதும் அதுதான்.

மீறுவதற்குக் காரணம் இருக்கிறது. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் 1800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்ற கணக்கில்தான் அது 45 நிமிடம் வரும் என்கிறோம். மாடிப்படியில் ஹோஸை இழுத்துக்கொண்டு ஏறுகிறவர் 80 லிட்டர் வரை இழுப்பார். அப்போது 22 நிமிடத்தில் காலி. காற்று தீரப்போகிறது என்று சுமார் 55 பாரில் எச்சரிக்கை விசில் ஊதும்போது மிச்சம் இருப்பது 330 லிட்டர், அதாவது அதே வேகத்தில் 4 நிமிடம். விசில் கேட்ட பிறகு திரும்பலாம் என்று நினைப்பது தவறு. வெளியே வர எவ்வளவு காற்று வேண்டும் என்பதை உள்ளே போகும்போதே கணக்கிட வேண்டும். இரண்டு நாள் தாடி இருந்தாலும் முகமூடியின் விளிம்பு தோலோடு ஒட்டாது, காற்று வீணாகும். மாற்றுச் சிலிண்டர் வண்டியில் இல்லையென்றால், அணைத்த பிறகு கிளறும் வேலையை வெறும் முகத்தோடுதான் செய்வார்கள். இதில் குறை அந்த வீரருடையது அல்ல. சிலிண்டர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறவர்கள் பார்க்க வேண்டியது.

‘குப்பைதானே எரிகிறது’ என்கிற அலட்சியமும் இதோடு சேர்ந்ததே. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றியபோது பல நாட்கள் புகைந்தது. அப்படிப்பட்ட இடத்தில் மூக்கில் கட்டிய ஈரத் துண்டு கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் துகளைத்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும்.

வேலை முடிந்ததும் ஒருவர் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால் ‘பசி மயக்கம்’ என்று விட்டுவிடக்கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் சாதாரணக் கருவியால் பிரித்தறிய முடியாது. 99 என்று காட்டிக்கொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின், அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெறும் காற்றை மூச்சிழுத்தால் அந்த அளவு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். அதனால் முடிவுக்குக் காத்திருக்காமல் ஆக்சிஜனைத் தொடங்கிவிடுவது நல்லது. கூட்டிப் போகிறவர் மருத்துவரிடம் என்ன எரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘நுரை மெத்தைக் கிடங்கு’ என்ற மூன்று வார்த்தையே சயனைடு நஞ்சை நினைவுபடுத்தப் போதும்.

மாரடைப்பு பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் மிகப் பெரும் பங்கு தீக்காயத்தாலோ இடிபாட்டாலோ இறப்பதில்லை. இதயம் நின்றுதான் இறக்கிறார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பணி நேரத்தில் 1 முதல் 5 சதவீதமே எடுத்துக்கொள்ளும் தீயணைப்பு வேலையின்போது இதயநோய் இறப்புகளில் 32 சதவீதம் நேர்ந்தது தெரியவந்தது. மணி அடித்த நொடியில் நாடித்துடிப்பு எகிறுகிறது. 20 கிலோவுக்கு மேல் சுமை, சூட்டை வெளியே விடாத உடைக்குள் வேர்வை, ரத்தத்தில் நீர் குறைந்து அது கெட்டிப்படுவது, உறையும் தன்மை கூடுவது எல்லாம் ஒரே நேரத்தில் சேர்கின்றன. இந்த மாற்றங்கள் தீ அணைந்ததும் நின்றுவிடுவதில்லை, பிறகும் சில மணி நேரம் நீடிக்கும். அப்போது நெஞ்சைப் பிடித்தால் நம் ஊரில் முதலில் சொல்லப்படுவது ‘வாயு’. ஒரு சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். கடும் வேலைக்குப் பிறகு நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல் என்று எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போனதும் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தாக வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். சேர்ந்தபோது ஓடிக் காட்டிய உடல் தகுதி 45 வயதுக்குச் சான்று ஆகாது.

ஓய்வுக்கும் கணக்கு உண்டு. ஒரு 30 நிமிடச் சிலிண்டர் தீர்ந்தாலோ 20 நிமிடம் கடும் வேலை செய்தாலோ குறைந்தது 10 நிமிடம் ஓய்வு. இரண்டாவது சிலிண்டர் தீர்ந்த பிறகு, அல்லது 40 நிமிட வேலைக்குப் பிறகு 20 நிமிடம். அந்த நேரத்தில் கோட்டைத் திறந்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து, முன்கைகளை முழங்கை வரை குளிர்ந்த நீர் வாளியில் வைத்திருந்தால் உடல் சூடு வேகமாக இறங்கும். சித்திரை வெயிலில் வைக்கோல் போரை அணைக்கப் போகும் வண்டியில் இரண்டு வாளியும் ஐஸும் இருப்பது பெரிய செலவில்லை. தண்ணீரை ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடிப்பதைவிட, 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் நல்லது. இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஓ.ஆர்.எஸ். கரைசல், இல்லாவிட்டால் உப்பிட்ட மோர். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது வெறும் நீர் வறட்சி என்று இருந்துவிட வேண்டாம். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி அந்தக் கரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் சேர்த்தது. உறுதியான சான்று கிடைத்தது நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும். முன்னதற்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ். நம் ஊர்க் கொட்டகைகளிலும் பட்டறைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. வெந்து வெடித்த ஷீட்டை உலர்ந்தபடி மிதித்து உடைக்காமல், நனைத்துவிட்டுத்தான் அகற்ற வேண்டும்.

கரி மூக்கு வழியாக மட்டும் போவதில்லை, தோல் வழியாகவும் போகும். சூடான, வியர்த்த தோல் அதிகம் உறிஞ்சும். கழுத்து, தாடைக்கீழ், அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாம் கரியை எளிதில் உள்ளே விடும் இடங்கள். எனவே பி.ஏ. செட் முகத்தில் இருக்கும்போதே இன்னொருவர் உடைமேல் தண்ணீர் அடித்து, சோப்பு நீரும் பிரஷும் கொண்டு தலையிலிருந்து கீழாகத் தேய்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கையுறை, கோட்டு, கடைசியாக முகமூடி. கழுத்தையும் கையையும் ஈரத் துணியால் துடைத்த பிறகே டீ. அழுக்கான உடை ஓட்டுநர் அறைக்குள் போகக்கூடாது. பாலித்தீன் பையில் கட்டிப் பின்னால் வைக்கலாம். நிலையத்துக்குத் திரும்பி ஒரு மணி நேரத்துக்குள் சோப்புக் குளியல். உள்ளே போட்ட காக்கியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழந்தைத் துணிகளோடு துவைப்பது வேண்டவே வேண்டாம். கரியேறிய கோட்டை அனுபவத்தின் அடையாளமாகப் பார்க்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அது மாறினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மனதில் படிவதற்கும் வேலை முடிந்த பிறகுதான் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் இந்தத் துறை தீயை மட்டும் அணைப்பதில்லை. கிணற்றில் விழுந்தவரை எடுப்பது, பாம்பு பிடிப்பது, உடலை மீட்பது எல்லாம் இவர்கள் வேலைதான். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காக 80 மணி நேரத்துக்கு மேல் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. நாடே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனது. இப்படிப்பட்ட இடத்தில் நின்றவருக்கு ‘இன்னும் அரை மணி முன்னால் போயிருந்தால்’ என்ற நினைப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

முதல் சில நாட்கள் தூக்கம் கெடுவதும், வாசனை திரும்பத் திரும்ப வருவதும், கறிக்கடை பக்கம் போகமுடியாமல் இருப்பதும் இயல்பு. அந்த நாட்களில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒருவர் விடாமல் சொல்லச் சொல்வது நல்லது செய்வதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அடுத்த அழைப்பிலிருந்து விடுவிப்பது, சூடான சாப்பாடு, வீட்டுக்குப் பேச நேரம் கொடுப்பது இவை உதவும். ‘இதுக்கெல்லாமா’ என்று நிலைய அலுவலர் ஒரு தடவை சொன்னால் அந்த நிலையத்தில் இனி யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், சம்பவ இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போவது குறையவில்லையென்றால் அது சிகிச்சை வேண்டிய நோய், சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோயும்கூட. தூக்கத்துக்காகக் குடி தொடங்கியிருந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்; மது தூக்கத்தை வரவைத்து நடுராத்திரியில் பிடுங்கிக்கொள்ளும். மாற்றத்தை முதலில் கவனிக்கிறவர் பெரும்பாலும் மனைவிதான்: ‘பிள்ளைகளிடம்கூடப் பேசுவதில்லை’ என்பார். அந்தச் சொல்லைப் புகாராக எடுத்துக்கொள்ளாமல் அறிகுறியாகக் கேளுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம், வீட்டாரும் அழைக்கலாம். சாக வேண்டும் என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். மறுநாள் காலைக்குத் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.