காலடித் தடம் எப்போது பாத்தியம் ஆகும்?

சில ஆண்டுகளுக்கு முன் கொங்குப் பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். அவர் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்குப் போக இட்டேரி (இருபுறமும் வேலி உள்ள பொதுப்பாதை) உண்டு என்றாலும், அது சுற்று வழி. பக்கத்துத் தோட்டத்தின் குறுக்கே நடந்தால் பாதி நேரத்தில் பேருந்து நிறுத்தத்தை அடைந்துவிடலாம் என்பதால், அவர் குடும்பம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நடந்து வந்திருக்கிறது. உழவின்போது மறையும் அந்த ஒற்றையடித் தடம், சில வாரங்களில் அதே கோட்டில் மீண்டும் விழுந்துவிடும். தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர் கம்பிவேலி போட்டதும் வழி அடைபட்டது. "இத்தனை வருசம் நடந்த தடமுங்க, அதுக்கு மேல என்னங்க ஆதாரம் வேணும்?" என்றார் பெரியவர்.

அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் நடந்ததாலேயே தடம் உரிமையாகிவிடாது. பிறர் நிலத்தைப் பாதை போன்ற தேவைக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பற்றியது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அது 15ஆம் பிரிவில், பிறர் நிலத்தின் வழியே நடப்பவர் அமைதியாகவும் வெளிப்படையாகவும் இடையூறின்றியும், தமக்கு உரிமை இருக்கிறது என்ற நிலையிலும், 20 ஆண்டுகள் நடந்திருக்க வேண்டும் என்கிறது; அரசு நிலமானால் 30 ஆண்டுகள். அந்தப் பாதை அவருடைய சொந்த நிலத்தின் அல்லது வீட்டின் பயன்பாட்டுக்கானதாகவும் இருக்க வேண்டும். காலிமனையின் குறுக்கே கடைவீதிக்கு நடக்கும் ஊரார் அனைவரும் இந்தப் பிரிவின்கீழ் உரிமை கோர இயலாது.

பெரியவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைக் கலங்கவைத்தது. "பழைய தோட்டக்காரரே, 'நீங்க இப்படியே போய்க்குங்க'ன்னு சொன்னவருங்க." நல்ல மனம் படைத்த ஒருவர் அன்போடு சொன்ன அந்தச் சொல், சட்டத்தின் கண்ணில் அனுமதியாகிவிடுகிறது. அனுமதி பெற்று எத்தனை ஆண்டு நடந்தாலும் அது பாத்தியமாக, அதாவது சட்டப்படியான உரிமையாக, முதிர்வதில்லை. நிலம் கைமாறினால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்துவதும் இல்லை. கிராமங்களில் பெரும்பாலான குறுக்குத் தடங்கள் இப்படிப்பட்ட நல்லுறவின் மேல் நிற்பவை என்பதால், இதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காலமும் அவருக்கு எதிராக இருந்தது. வேலி போட்டு 14 மாதங்கள் கழிந்திருந்தன. தடை ஏற்பட்டதை அறிந்த பிறகும் ஓராண்டு அதற்கு இணங்கி இருந்துவிட்டால், தொடர்ந்து நடந்துவந்த அனுபவம் இடையில் முறிந்ததாகச் சட்டம் கருதும். அவர் பலமுறை நேரில் போய்க் கேட்டிருக்கிறார். ஆனால் வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. முதல் வாரத்திலேயே பதிவுத் தபாலில் ஓர் ஆட்சேபக் கடிதம் அனுப்பியிருந்தால் அவர் இணங்கவில்லை என்பதைக் காட்டியிருக்கலாம். அவர் அனுபவித்த 20 ஆண்டுக் காலத்தின் முடிவு, வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் விழ வேண்டும் என்ற வரையறையும் உண்டு.

இட்டேரி இருந்ததால் அவசியப் பாதை கோரவும் வழியில்லை. ஒரே சொத்தாக இருந்த நிலம் விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரிந்து, ஒரு பகுதிக்கு வேறு வழியே இல்லாமல் போகும்போதுதான் 13ஆம் பிரிவு உதவும். குறுக்கு வழி என்பது வசதி மட்டுமே.

அப்படியானால் தடத்துக்கு மதிப்பே இல்லையா? சாட்சியமாக அதற்குப் பெரும் மதிப்பு உண்டு. பல ஆண்டுகள் கால் பட்ட மண் இறுகி, நீர் இறங்காமல், புல் வேர்விடாமல் வெளிறிக் கிடக்கும். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் நேரில் பார்வையிடும்போது அதைக் குறித்துக்கொள்வார். பழைய செயற்கைக்கோள் படங்களில்கூடச் சில தடங்கள் வெள்ளைக் கோடாகத் தெரியும். தமிழில் 'வழக்கு' என்ற ஒரே சொல் மக்களின் நடைமுறையையும் நீதிமன்ற வழக்கையும் குறிப்பதை இத்தகைய தருணங்களில் நினைத்துக்கொள்வேன். எனினும் தடம் எங்கே தொடங்கி, எந்த வரப்போரம் சென்று, எங்கே முடிகிறது என்பதை அளவோடு சொல்ல முடியாவிட்டால் நீதிமன்றத்தில் அது நிற்பது கடினம்.

ஆகவே இடம் வாங்குபவர்கள் பட்டாவோடு நின்றுவிடாமல், புலப்பட (நிலத்தின் அளவை வரைபட) நகலையும், கிராம நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பிறகு நிலத்தில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். பத்திரத்தில் "மாமூல் வழிநடை பாத்தியம்" (வழக்கமாக நடந்துவரும் பாதையின் உரிமை) என்ற தொடர் இருந்தால், அது எந்த வழி என்று விற்பவரிடமே கேட்டுவிடுவது நல்லது. தம் நிலத்தில் அண்டைவீட்டார் நடப்பதைப் பொருட்படுத்தாத உரிமையாளர்கள், பின்னாளில் உரிமை கோருவார்களோ என்று அஞ்சி முள்ளை வெட்டிப் போட வேண்டியதில்லை. இது அனுமதியின்பேரில் நடப்பது என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் அந்த அச்சத்தைப் போக்கிவிடும். நடப்பவர்களோ, நிலையான வழி வேண்டுமென்றால், உறவு நன்றாக இருக்கும்போதே உரிய தொகை கொடுத்துப் பாதை உரிமையைப் பதிவு செய்துகொள்வது உத்தமம்.

பெரியவரின் வழக்கை நான் தாக்கல் செய்யவில்லை. புதிய உரிமையாளரை இருமுறை சந்தித்துப் பேசினோம். தோட்டத்தின் நடுவே சென்ற தடத்தைக் கைவிட்டு, கிழக்கு வரப்போரம் நான்கடி அகலத்தில் வழிவிட அவர் சம்மதித்தார். அதற்கான தொகையைப் பெரியவர் இரண்டு தவணைகளில் கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிவான அடுத்த வாரம், வேலி நான்கடி உள்ளே தள்ளி நடப்பட்டது.