ஆசியான் வரிச்சலுகை: சான்றிதழ் இருந்தும் சரக்கு ஏன் நிற்கிறது?

காசிச்செட்டி தெருவில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் போன வருடம் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். வியட்நாமில் இருந்து இறக்கிய ஒரே ஒரு கன்டெய்னர். சரக்கு ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசிய நாடுகள் கூட்டமைப்பில் உருவானது என்று காட்டும் ஆசியான் சான்றிதழ் இருக்கிறது, டியூட்டி குறையும் என்று நம்பி விலை பேசி, கடைக்காரர்களிடம் முன்பணமும் வாங்கிவிட்டார். அந்தச் சான்றிதழில் ஹெச்.எஸ். எண்ணின் (சரக்கை வகைப்படுத்தும் சர்வதேச எண்) ஓர் இலக்கத்தைப் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தார்கள். பக்கத்தில் சீல் இல்லை. சலுகை போயிற்று. முழு டியூட்டியும் கட்டி, சரக்கு தேங்கி நின்றதற்குப் பதினோரு நாள் டெமரேஜும் கட்டினார்.

ஃபைலின் கடைசித் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. "மறுமதிப்பீட்டை ஏற்றுக்கொள்கிறோம், நோட்டீஸும் நேர் விசாரணையும் தேவையில்லை" என்று, அதிகாரி சலுகையை மறுத்து வரியைத் திரும்பக் கணக்கிட்டதற்கு ஒப்புக்கொண்டு, பெரியவர் கையெழுத்தோடு ஒரு கடிதம். "கஸ்டம்ஸ் ஏஜென்ட் போடச் சொன்னாரு, போட்டேன் தம்பி" என்றார். அந்தத் தாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசியான் நாடுகளோடு இந்தியா 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாடுகளில் உருவான சரக்குக்கு அடிப்படைச் சுங்க வரி குறையும், பலவற்றுக்கு அறவே கிடையாது. சலுகை அந்த வரிக்குத்தான். ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) கட்டியே ஆக வேண்டும். அந்தச் சரக்குக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்கு வந்து குவியும் சரக்குக்குப் போடும் வரி) இருந்தால் அதுவும் கட்ட வேண்டும். "டியூட்டி ஃப்ரீ" என்று சப்ளையர் சொன்னதை அப்படியே நம்பி விலை போடாதீர்கள்.

"உருவான" என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும். முழுக்க அங்கேயே விளைந்த பொருள் என்றால் கேள்வி குறைவு. தொழிற்சாலைப் பொருளுக்குப் பொது விதி இது: விலையில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும், வெளியில் இருந்து வந்த மூலப்பொருளின் ஹெச்.எஸ். எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். சீனாவில் செய்ததைக் கொண்டுவந்து வியட்நாமில் பெட்டி மாற்றினால் அது வியட்நாம் சரக்கு ஆகாது. சப்ளையர் இதைச் சொல்ல மாட்டார். மாட்டிக்கொள்வது நீங்கள்.

2020 செப்டம்பர் 21 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. அதுவரை சான்றிதழைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடியும். இப்போது சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவு, சான்றிதழைக் கொடுத்ததோடு இறக்குமதியாளரின் பொறுப்பு தீராது என்கிறது. பொருள் எப்படிச் செய்யப்பட்டது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, 35 சதவீதம் எப்படி வந்தது என்ற விவரங்களை 'ஃபார்ம் 1' என்ற படிவப்படி நீங்கள் முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரப் படிவம்) போட்ட நாளில் இருந்து ஐந்து வருடம் பத்திரப்படுத்தவும் வேண்டும். மூன்று பேர் வேலை செய்யும் கடைக்காரர் ஹனோயில் இருக்கும் தொழிற்சாலையின் அடக்கக் கணக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டுமாம். நியாயமா என்றால் இல்லை. ஆனால் சட்டம் அதுதான். அதனால் பணம் அனுப்பும் முன்பே ஃபார்ம் 1 விவரங்களைக் கேளுங்கள். "கம்பெனி ரகசியம்" என்று மறுத்தால், சலுகை இல்லாத விலைக்கு அந்தச் சரக்கு கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பாருங்கள். பணம் போனபிறகு எந்த சப்ளையரும் வாய் திறப்பதில்லை.

அப்புறம் சான்றிதழ். சப்ளையர் ஸ்கேன் காப்பி அனுப்பியதும், கப்பல் கிளம்பும் முன் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால், சான்றிதழ் கொடுத்த அலுவலகமே சீல் வைத்து உறுதிசெய்திருக்க வேண்டும். காலிக் கட்டம் இருக்கக் கூடாது. சரக்கு வியட்நாமில் ஏறி, பில் மட்டும் ஹாங்காங் கம்பெனி பெயரில் வந்தால், மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். சரக்கு ஏறி நாளாகி வாங்கிய சான்றிதழ் என்றால், பின்னர் வழங்கப்பட்டது என்ற குறிப்பு அதில் வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டின் துறைமுகத்தில் கப்பல் மாறியிருந்தால், கிளம்பிய இடத்தில் இருந்து சென்னை வரைக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) வாங்கிவிடுங்கள். வழியில் சரக்கை யாரும் தொடவில்லை என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

சுங்கத்துறையிடம் இருந்து கேள்வி வந்துவிட்டால் ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் வாசலில் நின்று பயனில்லை. அதிகாரியை நேரில் பார்க்காமல் ஆன்லைனில் நடக்கும் முகமறியா மதிப்பீடு 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும்தான் முதலில் தொடங்கியது. உங்கள் பில் ஆஃப் என்ட்ரியைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். ஏஜென்டைக் கேட்டால் "சிஸ்டத்தில் பெண்டிங்" என்பார். இங்குள்ள அதிகாரியைக் கேட்டால் "எங்கள் கையில் இல்லை" என்பார். பதிலை ஆன்லைனில் ஏற்றுவதுதான் வழி. விவரம் கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். பல பேருக்குக் கேள்வி வந்த விஷயமே ஏழாம் நாள்தான் தெரிகிறது. ஏஜென்டின் லாகினை நம்பிச் சும்மா இருக்காமல் தினமும் போன் போட்டுக் கேளுங்கள்.

ஏற்றுமதி நாட்டுக்கு எழுதிச் சான்றிதழைச் சரிபார்க்கப் போகிறோம் என்று சுங்கத்துறை சொன்னால், அதுவரை கன்டெய்னர் நிற்க வேண்டியதில்லை. முழு டியூட்டிக்கும் சலுகை டியூட்டிக்கும் உள்ள வித்தியாசத் தொகைக்குப் பிணை கொடுத்து, தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுக்கலாம். ஆனால் இறக்குமதியாளர் கேட்டால்தான் விடுவிப்பார்கள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். சலுகையை மறுத்து மறுமதிப்பீடு செய்தால், நீங்கள் எழுத்தில் ஏற்காத வரை, சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவின்படி 15 நாட்களுக்குள் காரணம் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டாக வேண்டும். ஏற்பதாக எழுதிக் கொடுத்தால் அந்தக் கடமை அவருக்கு இல்லை. அதனால்தான் அந்தத் தாளை நீட்டுகிறார்கள். டெமரேஜ் ஏறும் பயத்தில் நாமும் கையெழுத்துப் போடுகிறோம். சரக்கு உடனே வேண்டுமென்றால் டியூட்டியைக் கட்டுங்கள், ஆனால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், 17(5) உத்தரவு வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள்.

"இப்போது கட்டிவிடுங்கள், அப்புறம் ரீஃபண்ட் வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதிப்பீட்டை மாற்றாமல் ரீஃபண்ட் கேட்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உத்தரவு கைக்கு வந்த நாளில் இருந்து 60 நாட்களுக்குள் கமிஷனர் அப்பீல்ஸிடம் (சுங்க மேல்முறையீட்டு ஆணையர்) போக வேண்டும். வழக்கில் உள்ள டியூட்டியில் 7.5 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். 60 நாள் தாண்டினால் தகுந்த காரணம் காட்டி இன்னும் 30 நாள் கேட்கலாம், அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

பெரியவர் என்னிடம் வந்தது நான்காம் மாதம்.