தணிக்கை: ஒரே சொல்லுக்கு மூன்று வேலை

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆசனூர் தாண்டிச் சாமராஜநகர் நோக்கிப் போகிறவர்கள் எல்லையில் இரண்டு வகைப் பலகைகளைப் பார்க்கலாம். நம் பக்கம் ‘சோதனைச் சாவடி’. அந்தப் பக்கம் கன்னட எழுத்தில் ‘தனிகா டாணெ’. தாளவாடிக்காரர்களுக்கு இரண்டுமே வீட்டுப் புழக்கத்தில் உள்ளவை. கன்னடத்தில் ‘தனிகெ’ என்றால் விசாரணை, சோதனை. தெலுங்கில் ‘தனிகீ’ என்றால் வண்டியையோ கிடங்கையோ அலுவலகத்தையோ நேரில் போய்ச் சோதிப்பது. நாம் நாள்தோறும் எழுதும் ‘தணிக்கை’யும் இதே குடும்பம்தான்.

குடும்பத்தின் மூத்தவர் அரபிச் சொல்லான ‘தன்கீஹ்’. வேண்டாத கிளையைக் கழித்தல், திருத்திச் செம்மையாக்குதல், நுணுகி ஆராய்தல் எல்லாம் அதன் பொருளில் அடங்கும். பாரசீகம், உருது வழியாக ஆட்சி அலுவலகங்களுக்குள் வந்தது. வசூல், ஜப்தி, பசலி, தாசில்தார், ஜமாபந்தி ஆகியவை வந்த அதே வாசல். 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்த கோயமுத்தூர்ச் சீமைக்கு இந்தச் சொற்கள் அந்நியமாகத் தோன்றியிருக்காது. வருவாய்த் துறையில் இன்றும் அவை உயிரோடு இருக்கின்றன. ‘வருவாய்த் தீர்வாயம்’ என்று அரசு அறிவிப்பு வெளியிட்டாலும், தாலுகா அலுவலகத்தில் சிட்டா, அடங்கலோடு காத்திருப்பவர்கள் ‘ஜமாபந்திக்கு வந்தேன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

மற்றச் சொற்களெல்லாம் ஒலியிலேயே தங்கள் பிறப்பைக் காட்டிக்கொடுக்கின்றன. தணிக்கை மட்டும் காட்டுவதில்லை. காரணம் எளிது: தமிழின் வாய்க்கு ஏற்றபடி அது உருமாறிவிட்டது. அறிக்கை, கோரிக்கை, நம்பிக்கை, நடவடிக்கை என்ற வரிசையில் தணிக்கையையும் நிறுத்தினால் யாரும் ஐயப்படமாட்டார்கள். கூடவே ‘தணி’ என்ற நல்ல தமிழ் வினை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சினம் தணிகிறது, தாகம் தணிகிறது. ஆகவே தணிக்கை என்றால் எதையோ குறைப்பது, அடக்குவது என்ற எண்ணம் தானாகவே ஒட்டிக்கொண்டது. வேர் வேறு, ஆனால் இந்த ஒட்டுதல் சொல்லின் பிற்காலப் பொருளைப் பெரிதும் இழுத்துச் சென்றிருக்கிறது என்பது என் கருத்து.

இன்று அந்தச் சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. கணக்கைச் சரிபார்ப்பது ஒன்று: உள்ளாட்சி நிதித் தணிக்கை, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்வது இரண்டாவது: வாகனத் தணிக்கை. வெட்டுவதும் தடுப்பதும் மூன்றாவது: திரைப்படத் தணிக்கை, பத்திரிகைத் தணிக்கை. திரைப்பட வாரியத்தின் பெயரில் இருந்த ‘சென்சார்’ 1983-இலேயே எடுக்கப்பட்டு, சான்றிதழ் வாரியம் என்று ஆகிவிட்டது. தமிழ் நாளிதழ்கள் இன்னும் தணிக்கை வாரியம் என்றே எழுதுகின்றன. 1975 நெருக்கடி நிலையின்போது அச்சுக்குப் போகும் முன்பே செய்திகள் வெட்டப்பட்டன. அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்தச் சொல்லின் மூன்றாவது பொருள் மக்கள் மனத்தில் ஆழமாகவே பதிந்துவிட்டது.

இதனால் என்ன கேடு? நாடாளுமன்றம் ஒரு பொது நிறுவனத்தை ஆராயும்போது கேடு தெரியும்.

நம்முடைய நாமக்கல் கோட்டையும் சங்ககிரிக் கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. நாடு முழுவதும் இப்படி 3,693 சின்னங்கள் இருப்பதாகத் துறையின் பட்டியல் சொல்லியது. 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் 1,655 இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். 92 சின்னங்களைக் காணவில்லை. துறை மீண்டும் தேடியதில் 42 கிடைத்தன. மீதி 50-இல் 14 நகர வளர்ச்சியில் அழிந்துவிட்டன, 12 அணைகளின் நீரில் மூழ்கிவிட்டன, 24 எங்கே என்றே தெரியவில்லை. போக்குவரத்து, சுற்றுலா, பண்பாடு ஆகியவற்றுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கையில் எடுத்து 2022 டிசம்பரில் அறிக்கை வைத்தது. காவலுக்கு 7,000 பேர் தேவை, இருப்பவர்கள் 2,578 பேர், அவர்களும் 248 இடங்களில் மட்டுமே என்ற விவரம் அந்த அறிக்கையால்தான் வெளியே பரவியது. பட்டியலில் எழுதியிருப்பது மண்ணில் நிற்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் அந்த அரபிச் சொல்லின் நேர்ப்பொருளுக்கு மிக அருகில் நிற்கும் வேலை. இங்கே தணிக்கை என்று எழுதினாலும் யாருக்கும் குழப்பம் வராது. கோட்டைக் கல்லை யாரும் ‘வெட்டிவிட்டார்கள்’ என்று படிக்கமாட்டார்கள்.

வானொலிக்கு வரும்போது நிலைமை அப்படி இல்லை. கோவை வானொலி நிலையம் 1966-இலிருந்து ஒலிபரப்புகிறது. அது சேர்ந்திருக்கும் பிரசார் பாரதி, 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1997-இல் அமைந்த தன்னாட்சி நிறுவனம். பல்வேறு வட்டாரங்களின் பண்பாட்டுக்கும் மொழிகளுக்கும் போதிய இடம் தருவது அதன் கடமை என்று சட்டமே சொல்கிறது. அதன் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்கிறார். ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. மானியக் கோரிக்கையைத் தகவல் தொடர்பு நிலைக்குழு அலசுகிறது. மண்டலச் செய்திக்கு எத்தனை நிமிடம், செய்திப் பிரிவில் எத்தனை இடங்கள் காலி, ஒலிபரப்புக் கருவி எப்போது மாற்றப்பட்டது, இவையெல்லாம் அந்தக் குழு கேட்கக்கூடிய கேள்விகள். கேட்கவேண்டிய கேள்விகளும்கூட. மாலைச் செய்தியில் நொய்யல் சாயக்கழிவைப் பற்றிய ஒரு வரியை எடுத்துவிடு என்று சொல்வது அந்தக் குழுவின் வேலையே இல்லை.

இந்த இரண்டு செயல்களுக்கும் தமிழில் இப்போது ஒரே பெயர். ‘வானொலிக்கு நாடாளுமன்றத் தணிக்கை’ என்று ஒரு தலைப்பு வந்தால் வாசகர் எதை எண்ணுவார்? வரவு செலவைப் பார்க்கிறார்கள் என்றா, செய்தியை வெட்டுகிறார்கள் என்றா? மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்பது குடியாட்சியின் உரிமை. செய்தியின் வாயை அடைப்பது அந்த உரிமையின் நேர் எதிர். எதிரெதிரான இரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். கணக்குக் கேட்பவரை அடக்குமுறைக்காரர் என்று சொல்லவும், அடக்குகிறவர் தன்னைக் கணக்குக் கேட்பவர் என்று சொல்லிக்கொள்ளவும் இந்தக் குழப்பம் வழிவிடுகிறது.

தமிழில் மாற்றுச் சொல் இல்லாமல் இல்லை. கணக்குக்கு ‘கணக்காய்வு’. இலங்கையில் அரசே இதைத்தான் எழுதுகிறது. அங்கே தேசிய கணக்காய்வு அலுவலகம் இருக்கிறது, அதன் அதிகாரிகள் கணக்காய்வாளர்கள். அவர்களும் செய்தியை வெட்டினால் ‘செய்தித் தணிக்கை’ என்கிறார்கள். அதாவது ஈழத்தமிழர் இந்தப் பிரிவினையை முன்பே செய்து முடித்துவிட்டார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

பழைய சொற்களும் உதவிக்கு வரும். வள்ளுவர் ஆராய்தலுக்கு ‘நாடுதல்’ என்கிறார்: ‘நாள்தோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடா துலகு.’ அலுவலர் வளையாமல் இருக்கிறாரா என்று மன்னன் நாள்தோறும் நாடவேண்டும். நாடாளுமன்றக் குழுவின் பணிக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் ‘நாட்டம்’ இன்று விருப்பம் என்று பொருள் மாறிவிட்டதால் நேரடியாகப் பயன்படாது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் வரும் ‘கண்காணி’ இன்னொன்று. கோயில் காரியத்தை மேற்பார்த்தவர் அவர். அதே சொல் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் ‘கங்காணி’யாகி, ஆளை விரட்டி வேலை வாங்குகிறவரைக் குறித்தது. அதனால் கண்காணிப்பு என்று எழுதும்போது காவல் வாடை அடிக்கிறது. குழுவின் பணிக்கு ‘கூர்ந்தாய்வு’ அல்லது வெறும் ‘ஆய்வு’ போதும்.

ஆங்கிலத்தில் ‘ஆடிட்’ என்பதன் இலத்தீன் வேர் கேட்பது என்ற பொருள் கொண்டது. முற்காலத்தில் கணக்கை உரக்கப் படிக்க, ஆய்வு செய்பவர் காதால் கேட்டார். கொங்குச் சிற்றூர்களில் இது இன்றும் நடக்கிறது. மாரியம்மன் பொங்கல் முடிந்து, மறுபூசையும் ஆனபின், கோயில் முன் கூடிக் கணக்குப் படிப்பார்கள். நீளமான நோட்டைப் பிரித்து ஒருவர் தலைக்கட்டு வரி இவ்வளவு, நன்கொடை இவ்வளவு என்று தொடங்குவார். பந்தல், மைக் செட், வாணவேடிக்கை என்று செலவு வரும். ‘ஏனுங்க, பந்தல் செலவு போன வருடத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதே?’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழும். படித்தவர் நோட்டைத் திருப்பிச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டியபிறகுதான் அடுத்த வரிக்குப் போக முடியும். கேட்டவரை யாரும் தடை செய்பவராகப் பார்ப்பதில்லை. தொண்டை நாட்டு உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று விதித்தன. 919, 921 ஆகிய ஆண்டுகளின் ஏற்பாடு அது.

எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. வரவு செலவைப் பார்த்தால் கணக்காய்வு. நகையையோ நினைவுச்சின்னத்தையோ வண்டியையோ நேரில் போய்ப் பார்த்தால் சரிபார்ப்பு. கோயில் நகைகளுக்கு ‘நகை சரிபார்ப்பு அலுவலர்’ என்று அறநிலையத் துறையிலேயே பதவிப்பெயர் உண்டு. நிலைக்குழு ஒரு நிறுவனத்தின் செயலைப் பார்த்தால் நாடாளுமன்ற ஆய்வு. படத்தையோ செய்தியையோ கடிதத்தையோ வெட்டினால் மட்டும் தணிக்கை. ‘சமூகத் தணிக்கை’ என்று ஊரக வேலைத் திட்டத்தோடு பரவிய தொடரை ‘மக்கள் கணக்காய்வு’ என்று மாற்றினால், கிராம சபைக்கு வருகிறவர் தன்னை எதற்கு அழைக்கிறார்கள் என்று கேட்டவுடன் புரிந்துகொள்வார்.